யாழ்ப்பாணத்துச் சந்திக் கடை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எண்பதுகளிலும் தொண்ணூறுகளின் தொடக்கத்திலும் யாழ்ப்பாணக் குடாநாட்டின் வலிகாமத்தில், சுன்னாகத்துக்குச் சைக்கிளில் போய்வரக்கூடிய ஓர் ஊரில் வளர்ந்தவள் நான். வெளிநாட்டில் பிறந்த மருமக்களும், கொழும்பில் வளர்ந்த சினேகிதிகளும், இப்போது ஊரிலேயே இருக்கிற இளம் பிள்ளைகளும் அந்தக் காலத்துச் சின்னக் கடைகளைப் பற்றி ஏறத்தாழ ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். பொருளைச் சிறிதாகப் பிரித்துக் கொடுத்ததில்தான் அந்தக் கடைக்காரர்களின் கெட்டித்தனம் எல்லாம் இருந்தது என்பது என் எண்ணம். கீழே அது அடிக்கடி வரும்.

கடை பார்க்க எப்படி இருக்கும்?

ஒழுங்கைகள் வந்து சேரும் சந்தியில், ஓட்டுக் கூரையும் முன்னால் கிடுகுப் பத்தியுமாக (பின்னிய தென்னோலை வேய்ந்த தாழ்வாரம்) இருக்கும். கதவு கிடையாது. இலக்கம் எழுதிய நீளப் பலகைகளைத்தான் காலையில் ஒவ்வொன்றாகக் கழற்றிச் சுவரோடு சாத்தி வைப்பார்கள். இரவில் அதே வரிசையில் திரும்பச் செருகாவிட்டால் கடைசிப் பலகை இறங்காது. சில நாள் எங்களைக் கொண்டு அந்த இலக்கங்களை வாசிக்க வைத்துத்தான் கடை மாமா பலகை போடுவார்.

உள்ளே வாய் மடித்த சாக்குகளில் அரிசி, மா, சீனி, உழுந்து, பயறு, செத்தல் மிளகாய். தட்டில் கண்ணாடிப் போத்தல்கள். மேலே கயிற்றில் இதரை வாழைக்குலை. மேசையில் தராசு, அதற்குக் கீழே காசு போடும் லாச்சி. மண்ணெண்ணெய்ப் பீப்பா பின்பக்கம் தனியாக இருக்கும், மாவில் மணம் ஏறிவிடும் என்று. பத்திக் கம்பத்தில் நுனி கனன்றுகொண்டிருக்கும் தும்புக் கயிறு ஒன்று தொங்கும். சுருட்டுப் பற்ற வைக்கிறவர்கள் நெருப்புக்குச்சியை வீணாக்க வேண்டாம் என்பதற்காக அது. பிள்ளைகள் அதில் கை வைத்தால் ஏச்சு நிச்சயம்.

முன்னால் ஆட்கள் இருக்க ஒரு வாங்கு, அதாவது நீளப் பலகை இருக்கை. எங்கள் சந்தியில் எதிரே வாசிகசாலையும் இருந்ததால் பேப்பர் வாசிக்கிறவர்களும் சாமான் வாங்குகிறவர்களும் ஒரே கூட்டந்தான். 1959 இலிருந்து யாழ்ப்பாணத்திலேயே வெளிவந்த ஈழநாடு, கொழும்பிலிருந்து வரும் வீரகேசரி, 1985 இற்குப் பிறகு உதயன் என்று செய்தி அங்கே வாசிக்கப்பட்டு, இங்கே வாங்கில் விவாதிக்கப்படும்.

என்னென்ன விற்றார்கள்?

எல்லாம். அரிசி, தேங்காயெண்ணெய், சீனி, தேயிலை, பாண், பனங்கட்டி, கருவாடு, மூக்குப்பேணி, லாம்புச் சிமினி, திரி, கொப்பி, பென்சில், ஊசி நூல், கற்பூரம், விபூதி, வெற்றிலை பாக்கு, சுருட்டு, தலையிடிக் குளிசை (மாத்திரை). மலிபன் பிஸ்கட், சன்லைட் சவுக்காரம், எவரெடி பற்றரி என்று தெற்கிலிருந்து வருபவை ஒரு பக்கம். மில்க்வைற் சவுக்காரம் யாழ்ப்பாணத்திலேயே செய்தது. அதை வாங்குவதில் ஊருக்கு ஒரு பெருமை இருந்தது.

பருவத்துக்குப் பருவம் கடையின் முகமும் மாறும். தைப்பொங்கலுக்கு முன்னால் சீனவெடிச் சரம், பட்டம் கட்டுகிற கலர்க் கடதாசி, நூல் பந்து. ஆடிப்பிறப்பு நெருங்கினால் கூழுக்கும் கொழுக்கட்டைக்கும் பயறும் பனங்கட்டியும் கூடுதலாக வந்து இறங்கும். மாசி, பங்குனியில் பனங்கிழங்கைக் காயவைத்த ஒடியலும், அவித்துக் காயவைத்த புழுக்கொடியலும். பனை ஓலைக் குட்டானில் வார்த்த பனங்கட்டியை வாங்கி, ஓலையை உரித்துக்கொண்டே வீட்டுக்கு நடப்போம். வீட்டுக்குப் போய்ச் சேரும்போது ஒரு மூலை குறைந்திருக்கும்.

ஊரில் விளைந்தது கடைக்கு வருவதும் உண்டு. முருங்கைக்காய்க் கட்டு, முட்டை, ஒடியல், கோழிக்குஞ்சு என்று பெண்கள் கொண்டுவந்து கொடுத்து, அதன் பெறுமதிக்குச் சீனியோ சவுக்காரமோ வாங்கிப் போவார்கள். காசு கைமாறவே மாறாது. சொந்தக் கையிலே காசு புழங்காத எத்தனையோ பெண்களுக்கு அந்தக் கடைதான் சந்தை.

சிறிதாகப் பிரித்துக் கொடுத்தது என்றால் எவ்வளவு சிறிதாக?

ஒரு பாதித் தேங்காய். ஒரே ஒரு குளிசை. கால் போத்தல் தேங்காயெண்ணெய். அரை இறாத்தல் பாண். ஒரு பின்னேரத் தேத்தண்ணிக்குக் காணும் தேயிலை. சவுக்காரக் கட்டியைக்கூட நூலால் அறுத்துக் கொடுப்பார்கள்.

அன்றாடம் கூலிக்குப் போகிறவர்களுக்கு அன்றைக்குக் கிடைத்த காசில் அன்றைக்கு வேண்டியதை வாங்க முடிந்தது இதனால்தான். வெங்காயம் கிண்டும் காலத்தில் தோட்ட வேலை முடித்து, மண் கையோடு கடைக்கு வந்து, இரவுச் சமையலுக்கு மட்டும் வாங்கிப் போனவர்களை நான் தினமும் பார்த்திருக்கிறேன். மூட்டையாக வாங்கினால் மலிவு என்பது எல்லோருக்கும் தெரியும். மூட்டைக்குக் காசு வேண்டுமே. சாக்கு விலைக்கும், கடதாசியில் சுற்றிக் கொடுக்கிற சரை விலைக்கும் இருந்த வித்தியாசத்தில்தான் கடைக்காரர் சீவித்தார் என்பதும் உண்மை. ஆனால் அந்த வேலை லேசானதல்ல. ஒரு தரம் மொத்தமாக நிறுப்பதற்கும் அதையே பத்துத் தரம் பிரித்து நிறுப்பதற்கும் உள்ள வித்தியாசம், நாள் முழுக்கத் தராசின் முன்னால் நின்ற ஆளுக்குத்தான் தெரியும்.

அளவுகள் குழப்பமாக இருக்கின்றன. இறாத்தல், சுண்டு, கொத்து, அந்தர் எல்லாம் என்ன?

இறாத்தல் நிறை அளவு. 16 அவுன்ஸ் ஓர் இறாத்தல், 112 இறாத்தல் ஓர் அந்தர். கிலோ வந்த பிறகும் பாண் இறாத்தலிலேயே நின்றுவிட்டது. இன்றைக்கும் 450 கிராம் பாண்தான் "ஒரு இறாத்தல் பாண்". வெங்காயம், உரம் போன்றவற்றில் இப்போது 50 கிலோவை அந்தர் என்கிறார்கள்.

கொத்தும் சுண்டும் முகத்தல் அளவு. அரிசி, தானியம் எல்லாம் அதில்தான். எங்கள் கடையில் சுண்டு என்பது வெறும் பால்பேணி. அதை நிரப்பி, மேலே விரலால் வழித்துவிடுவார் மாமா. சில கடைகளில் வழிப்பார்கள், சில கடைகளில் குவித்துக் கொடுப்பார்கள். எந்தக் கடையில் எப்படி என்று அம்மாக்கள் எல்லோருக்கும் தெரியும்.

சரை சுற்றுவது எப்படி?

இதை எழுதுவதற்கு எனக்கு மிகவும் விருப்பம். பழைய பேப்பரை நாலாகக் கிழித்து ஆணியில் குத்தி வைத்திருப்பார்கள். ஒரு துண்டை எடுத்து, இடது கைப் பெருவிரலில் மூலையை வைத்து, வலது கையால் ஒரு சுற்று. கூம்பு வந்துவிடும். அடி நுனியை ஒரு மடிப்பு மடித்தால் இறுகிவிடும். சீனியைக் கொட்டி, வாயை இரண்டு பக்கமும் உள்ளே மடித்து, மேல் மடிப்பைச் செருகினால் சரி. சாக்கு நூலும் வேண்டாம், பசையும் வேண்டாம். தலைகீழாகப் பிடித்தாலும் ஒரு மணி சிந்தாது. மாமா ஆளைப் பார்த்துக் கதைத்துக்கொண்டே, கையைப் பார்க்காமல் சுற்றுவார். கச்சானுக்கு ஒல்லியாக, பருப்புக்கு அகலமாக, மஞ்சள் தூளுக்கு இரண்டு கடதாசி வைத்து.

சாமானைப் போத்தலில் கொட்டின பிறகு அந்தக் கடதாசியை நீவி வாசிப்பது எங்கள் வீட்டில் எனக்கு ஒரு வேலை. தொடர்கதையின் நடுத்துண்டு, பாதி மரண அறிவித்தல், தலைப்பில்லாத செய்தி. சில நாள் யாரோ ஒரு பிள்ளையின் பழைய கணிதக் கொப்பித் தாள் வரும், சிவப்பு மையில் பிழை போட்டபடி. வாசிப்புப் பழக்கம் எனக்கு வந்த வழிகளில் அதுவும் ஒன்று என்று உறுதியாகச் சொல்வேன். பிளாஸ்ரிக் பை வந்ததில் நான் வருந்துகிற பல விஷயங்களில் இதுவும் ஒன்று.

பிள்ளைகளைத் தனியாகக் கடைக்கு அனுப்புவார்களா?

ஓம், ஒழுங்கையைத் தாண்டத் தெரிந்த வயதிலேயே. சொன்னதை மறக்காமல் இருக்க வழி நெடுக வாய்க்குள் சொல்லிக்கொண்டே போவோம். மறந்துவிட்டாலும் பரவாயில்லை. "கொம்மா என்ன கறி வைக்கிறா?" என்று மாமா கேட்பார். "கத்தரிக்காய்" என்றால், "அப்ப பழப்புளியும் செத்தல் மிளகாயும்தான் சொல்லியிருப்பா" என்று அவரே எடுத்துக் கட்டிவிடுவார். பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும்.

மிச்சக் காசில் ஒரு சின்னப் பங்கு எங்களுக்கு. விளிம்பு நெளிந்த பத்துச் சதம் ஒன்று கையில் இருந்தால் எந்தப் போத்தலைக் காட்டுவது என்ற யோசனை பெரிய யோசனை. தோடம்பழ இனிப்பு, பல்லி முட்டாசு, எள்ளுருண்டை, கல்பணிஸ். நான் எப்போதும் எள்ளுருண்டைப் பக்கம். அண்ணா பல்லி முட்டாசு வாங்கி, ஒவ்வொன்றாக எண்ணித் தருவான்.

கடன் கொப்பி என்கிறார்களே, அது எப்படி நடந்தது?

"மாமா, அரைச் சுண்டு உழுந்து. கொப்பியிலை எழுதச் சொன்னவ அம்மா." இது பிள்ளைகள் எல்லோருக்கும் பாடமான வசனம். நீட்டு வாக்கில் மடித்த கொப்பியில் வீட்டுக்கு ஒரு பக்கம். பெயர் எழுதாமல் வளவின் பெயரையோ வேலையையோ எழுதியிருப்பார். அரசாங்க உத்தியோகம் என்றால் மாதச் சம்பளத்துக்கு, தோட்டக்காரர் என்றால் புகையிலையோ வெங்காயமோ விற்ற பிறகு. கணக்கு அந்தந்தப் பயிரோடு ஓடும். வெங்காய விலை விழுந்த வருடம் கடைக்கும் கஷ்டம்.

கொப்பியில் எழுதுகிறவர்களுக்கு வெட்கம் இருந்தது. அதை மறைக்க வேண்டியதில்லை. கடையில் ஆள் நிறைய நிற்கும்போது அம்மா என்னை உள்ளே போகவிடமாட்டா, ஆட்கள் குறையட்டும் என்று படலையிலேயே நிறுத்தி வைப்பா. மாமாவும் வாய்விட்டுக் கேட்கமாட்டார், பென்சிலைக் காதிலிருந்து எடுத்து மெதுவாக எழுதிவிட்டுச் சரையைத் தருவார்.

சங்கக் கடைக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

சங்கக் கடை பலநோக்குக் கூட்டுறவுச் சங்கத்தின் கிளை. கூப்பன் காலத்தில் பங்கீட்டு அரிசி, மா, சீனி அங்கேதான். கட்டுப்பாட்டு விலை, ஆனால் சாமான் வருகிற நாளில்தான் கிடைக்கும், வரிசையில் நிற்க வேண்டும், கடன் கிடையாது. சந்திக் கடை கொஞ்சம் விலை கூட, ஆனால் விளக்கு வைத்த பிறகும் தட்டினால் திறக்கும். குடும்பங்கள் இரண்டையும் சேர்த்துத்தான் சமாளித்தன.

கடைக்காரர்கள் எங்கிருந்து இந்தத் தொழிலைப் பழகினார்கள்?

நிறையப் பேர் தெற்கிலே. யாழ்ப்பாணத்தார், முக்கியமாகப் புங்குடுதீவு, வேலணை போன்ற தீவுப்பகுதி ஆட்கள், கொழும்பிலும் மற்றச் சிங்கள ஊர்களிலும் சுருட்டுக் கடை, பலசரக்குக் கடை, சாப்பாட்டுக் கடை நடத்தினார்கள். சின்ன வயதில் கடைப் பெடியனாகப் போய், கல்லாவுக்கு உயர்ந்து, பிறகு சொந்தக் கடை. 1958, 1977, 1983 வன்செயல்களில் அந்தக் கடைகள் எரிந்தன, சூறையாடப்பட்டன. 1983 யூலைக்குப் பிறகு கப்பலேறி ஊர் வந்தவர்களில் சிலர் கையில் இருந்ததைப் போட்டுச் சந்தியில் ஒரு சின்னக் கடை திறந்தார்கள். எங்கள் கடை மாமாவும் அப்படி வந்தவர்தான். சிங்களத்தில் எண்ணிக்கொண்டே நோட்டுக் கட்டுவார். அங்கே விட்டுவந்ததைப் பற்றிக் கேட்டால் சாமான் எடுக்க உள்ளே போய்விடுவார்.

எல்லோரையும் அந்தக் கடைகள் ஒரேமாதிரி நடத்தினவா?

இல்லை. பழைய கடைகளைப் பற்றி இனிமையாக எழுதுகிறவர்கள் இந்தக் கேள்வியைத் தாண்டிப் போவது எனக்குப் பிடிப்பதில்லை. யாழ்ப்பாணத்துத் தேத்தண்ணிக் கடைகள் பலவற்றில் ஒடுக்கப்பட்ட சாதியினரை உள்ளே விடவில்லை. வெளியே நிறுத்தி, போத்தலிலோ தகரப் பேணியிலோ தேநீர் கொடுத்தார்கள். சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் 1957 இலேயே வந்தும் வழக்கம் மாறவில்லை. 1966 ஒக்ரோபர் 21 ஆம் திகதி சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கி நடந்த ஊர்வலமும், அதைத் தொடர்ந்து தேநீர்க் கடைகளுக்குள்ளும் கோயில்களுக்குள்ளும் நுழைவதற்காக நடந்த போராட்டங்களும்தான் மாற்றின. அதில் உயிர் கொடுத்தவர்கள் உண்டு.

என் காலத்துச் சாமான் கடைகளில் போத்தல் வேற்றுமை இல்லை. ஆனால் வாங்கில் யார் இருப்பது, யார் நின்றுகொண்டே வாங்கிப் போவது என்பதில் அது மிஞ்சியிருந்தது. எங்களோடு வகுப்பில் பக்கத்தில் இருந்த ஒருத்தி கடைப் பத்திக்குள் மழைக்கும் ஒதுங்க மாட்டாள். ஏன் என்று அப்போது எனக்கு யாரும் சொல்லவில்லை. அந்தக் கடையைப் பற்றி அவளைக் கேட்டால் வேறு கதைதான் வரும். அதையும் எழுத வேண்டும்.

பொருளாதாரத் தடைக் காலத்தில் கடை என்ன ஆயிற்று?

1990 யூனில் அரசாங்கத்துக்கும் புலிகளுக்கும் இடையில் போர் திரும்பத் தொடங்கியதும் மின்சாரம் போனது. எரிபொருள், பற்றரி, சீமெந்து, உரம் போன்றவை வடக்கே வரத் தடை. சவுக்காரம், நெருப்புப்பெட்டி, மெழுகுதிரி எல்லாம் அருமைப்பட்டன. குடாநாட்டுக்குள் வருகிற ஆனையிறவுப் பாதை மூடப்பட்டிருந்ததால் கொம்படி, ஊரியான் சேற்று வழியாகவும், பிறகு கிளாலிக் கடலேரியை இரவில் படகில் கடந்தும் சாமான் வந்தது. வவுனியாப் பக்கமிருந்து சைக்கிளில் மூட்டை கட்டி உழக்கி வந்தவர்கள்தான் எங்கள் கடைகளை உயிரோடு வைத்திருந்தார்கள். கிளாலியில் எத்தனையோ பேர் கடலிலேயே கொல்லப்பட்டார்கள். ஒரு சவுக்காரத்தின் விலைக்குள் அந்த ஆபத்தும் இருந்தது.

சிறிதாகப் பிரிக்கிற கை அப்போதுதான் ஊரைக் காப்பாற்றியது. மண்ணெண்ணெய் கால் போத்தலிலிருந்து அரைக்கால் போத்தலுக்கு இறங்கியது. அதை வைத்து இரவு முழுக்கப் படிக்க ஜாம் போத்தல் விளக்கு. போத்தலின் அடியில் பஞ்சு, அது நனைகிற அளவுக்கு எண்ணெய், உள்ளேயே எரிகிற ஒரு சின்னத் திரி. காற்றுக்கும் அணையாது. மாமா வெறும் ஜாம் போத்தல்களைச் சேர்த்து வைத்து, திரி பொருத்தி விற்றார். அந்த வெளிச்சத்தில் ஓ/எல், ஏ/எல் பரீட்சை எடுத்துப் பல்கலைக்கழகம் போனவர்கள் ஒரு தலைமுறை. பெற்றோல் சின்னப் போத்தலில் வரும். மோட்டார் சைக்கிளை அதில் இரண்டு சொட்டு விட்டு உதைத்து, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டுவார்கள். சவுக்காரம் இல்லாத நாளில் பனம்பழக் களியில் உடுப்புத் தோய்த்தோம். சீனி இல்லாவிட்டால் பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு வெறுந் தேத்தண்ணி.

யாருக்கு எவ்வளவு என்று தீர்மானிப்பது மாமாவின் கையில் வந்துவிட்டது. கைக்குழந்தை இருக்கிற வீட்டுக்குப் பால்மாவை ஒதுக்கி வைத்துவிட்டு, காசோடு வந்த ஆளுக்கு இல்லை என்று சொன்னதைக் கண்டிருக்கிறேன். வந்தவர் கத்திவிட்டுப் போனார். எல்லாக் கடைக்காரரும் அப்படி இருந்தார்கள் என்று சொல்ல வரவில்லை. பதுக்கி வைத்து மூன்று மடங்கு விலைக்கு விற்றவர்களும் இருந்தார்கள், ஊர் அவர்களை மறக்கவில்லை.

1995 இடப்பெயர்வில்?

இராணுவம் முன்னேறி வந்தபோது, ஒக்ரோபர் 30 ஆம் திகதி இரவு, வலிகாமமே மழையில் செம்மணி வழியாகத் தென்மராட்சிக்கு நடந்தது. இலட்சக்கணக்கான சனம். மாமா சாக்குகளை வெளியே இழுத்து வைத்து, போகிறவர்களுக்கு அரிசியும் பிஸ்கட்டும் கையில் கையில் கொடுத்தார். அன்றைக்குக் கொப்பியில் எதுவும் எழுதவில்லை. 1996 இல் திரும்பிப் போனபோது பலகைகள் விறகாகப் போயிருந்தன, தராசு இல்லை. கொப்பியும் இல்லை. கொடுக்க வேண்டியதை ஞாபகத்தில் வைத்துக் கொடுத்தவர்கள் உண்டு, கொடுக்காதவர்களும் உண்டு. அம்மா இடம்பெயர்ந்து வரும்போதே எங்கள் கடனை ஒரு துண்டில் எழுதி வைத்திருந்தா.

அந்தக் கடைகள் இன்னும் இருக்கின்றனவா?

சில இருக்கின்றன. பலகைக்குப் பதில் ரோலர் கதவு, சரைக்குப் பதில் பொலித்தீன். நகரில் பெரிய சுப்பர்மார்க்கெட் வந்துவிட்டது. ஆனாலும் 2006 ஓகஸ்டில் ஏ9 பாதை மூடப்பட்டபோதும், 2022 நெருக்கடியில் பால்மாவுக்கும் எரிவாயுவுக்கும் நாடே வரிசையில் நின்றபோதும், ஊர் ஆட்கள் முதலில் போய்க் கேட்டது சந்திக் கடையில்தான். இப்போது உள்ள சின்னக் கடைகளிலும் சம்போவும் தேயிலையும் சின்னப் பைக்கற்றில் தொங்குகின்றன. பிரிக்கிற வேலையைக் கொம்பனியே செய்து அனுப்புகிறது.

எங்கள் ஊர்க் கடையைப் பற்றி எழுத விரும்புகிறேன். எங்கே தொடங்குவது?

கடைக்காரரின் பிள்ளைகளிடம். அவர்கள்தான் பலகை கழற்றினவர்கள், சாக்குத் தட்டினவர்கள். "அப்பா எப்படிப்பட்டவர்" என்று கேட்டால் புகழ்ச்சிதான் வரும். "சாமான் எங்கே எடுத்தார், எதில் கொண்டுவந்தார், எது விற்காமல் கிடந்தது" என்று கேளுங்கள். பிறகு கடன் வாங்கினவர்களிடம், முக்கியமாக ஊரின் வயதான பெண்களிடம். வாங்கில் இருக்க முடியாதவர்களிடமும் கட்டாயம் போங்கள்.

விலையும் சாமான் பெயரும் தேவை என்றால் அந்தக் காலப் பத்திரிகை விளம்பரங்களைப் பாருங்கள். 1981 இல் யாழ் நூலகத்தோடு ஈழநாடு காரியாலயமும் எரிக்கப்பட்டதால் நிறைய அழிந்துபோனது. ஆனாலும் 2005 இலிருந்து இயங்கும் நூலகம் இணையத்தளத்தில் பழைய பத்திரிகைகளும் சஞ்சிகைகளும் ஊர் மலர்களும் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன, இலவசமாக வாசிக்கலாம். வீட்டில் பழைய கடன் கொப்பியோ கூப்பன் புத்தகமோ கிடந்தால் அதைப் போனில் படம் எடுத்து அவர்களுக்கு அனுப்பலாம். எழுதுவதற்கு முன்பே கொப்பியில் உள்ள வீட்டுக்காரரின் சம்மதத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள், கடன் கணக்கு அல்லவா.